ஐம்பது டொலர் தாளில் இருக்கும் மனிதரும் ஆட்டு உரோமம் கத்தரிக்கும் இயந்திரமும்

அவுஸ்திரேலியாவில் வாழும் எமது வாசகர்களின் பணப்பைக்குள் ஒரு மனிதர் நீண்டகாலமாகக் குடியிருக்கிறார். 1995ஆம் ஆண்டிலிருந்து அந்நாட்டின் 50 டொலர் தாளின் ஒரு பக்கத்தில் அச்சிடப்பட்டு வரும் முகம் அது. நரைத்த தலை, அகன்ற நெற்றி, கழுத்துப்பட்டி கட்டிய கனவான் தோற்றம். அவருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தேவாலயமும், ஏதோ ஓர் இயந்திரத்தின் பாகங்களைக் காட்டும் கோட்டுப்படங்களும் உள்ளன. கடைக்காரரிடம் அந்தத் தாளை நீட்டும் எத்தனை பேர் அந்தப் படங்களை உற்றுப் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகமே. அது செம்மறியாட்டின் உரோமம் கத்தரிக்கும் இயந்திரத்தோடு தொடர்புடையது. அதை வரைந்தவர் டேவிட் யுனைபொன் என்ற பழங்குடி மனிதர்.

2018ஆம் ஆண்டு அந்தத் தாள் புதிய வடிவில் வெளிவந்தபோதும் யுனைபொன் அதில் நீடித்தார். மறுபக்கத்தில் இருப்பவர் அவுஸ்திரேலியாவில் முதன்முதலாகப் பாராளுமன்றம் சென்ற பெண்மணியான ஈடித் கோவன். அவருடைய பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய அளவில் பொறிக்கப்பட்ட வரிகளில், 'பொறுப்பு' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லில் ஓரெழுத்து விடுபட்டுப் போயிற்று. கோடிக்கணக்கான தாள்கள் அச்சாகிய பின்னர், 2019இல்தான் அது வெளியே தெரியவந்தது. பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்காளர்களோடு காலம் கழித்த என்போன்றவர்களுக்கு அந்தச் செய்தி ஓர் அற்ப மகிழ்ச்சியைத் தந்தது என்பதை மறைக்கவில்லை. எழுத்துப்பிழை மத்திய வங்கியையும் விட்டுவைப்பதில்லை.

யுனைபொன் என்பது அவருடைய குலப்பெயரின் சிதைந்த வடிவம். தந்தையார் ஜேம்ஸ் அவர்களின் பெயர் 'ஙுனைட்பொனி' என்று தொடங்கும் ஒலியுடையது. ஆங்கிலேயரின் நாவு 'ங' என்ற ஒலியில் ஒரு சொல்லைத் தொடங்க அறியாது. ஆகவே முதலெழுத்தை உதிர்த்துவிட்டுத் தமக்கு வசதியானபடி எழுதிக்கொண்டார்கள். தமிழனுக்கு அந்த எழுத்து கையில் இருக்கிறது. ஆனால் தொல்காப்பியர் ஙகரத்தைச் சொல்லுக்கு முதலாக வர அனுமதிக்கவில்லை. நன்னூலார் மட்டும் 'அங்ஙனம்', 'இங்ஙனம்' போன்றவற்றை முன்னிட்டு ஒரு சலுகை கொடுத்தார். அவருடைய இனத்தவரின் பெயரும் அதே ஒலியில்தான் தொடங்குகிறது. நன்னூலாரின் சலுகையைச் சற்று நீட்டி, 'ஙரிஞ்சேரி' மக்கள் என்று இக்கட்டுரையில் எழுதுகிறேன். தென் அவுஸ்திரேலியாவில் மரே நதி கடலோடு சேரும் பகுதியும் அதையொட்டிய ஏரிகளும் கூரோங் நீர்நிலையும் அவர்களுடைய பூர்வீகம்.

இனி இயந்திரத்தின் கதைக்கு வருவோம்.

செம்மறியாட்டின் முதுகில் ஏறிச் செல்லும் நாடு என்று அவுஸ்திரேலியர்கள் தம்மைத்தாமே சொல்லிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அதில் மிகையில்லை. 1890களின் தொடக்கத்தில் அந்த நாட்டில் இருந்த செம்மறியாடுகளின் தொகை 10 கோடிக்கும் மேல். மனிதர்களோ அரைக்கோடியையும் எட்டவில்லை. ஒவ்வோர் ஆட்டினதும் உரோமம் ஆண்டுக்கொரு முறை கத்தரிக்கப்பட வேண்டும். கத்தரித்த கம்பளி கப்பலேறி இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் போகவேண்டும். இத்தனையும் ஒரு மனிதனின் வலது கையில் இருந்த கத்தரியை நம்பி நடந்தது. இரண்டு அலகுகளை வளைந்த உருக்கு வில் ஒன்று இணைக்கும் கத்தரி அது. கையால் அழுத்தினால் வெட்டும், பிடியைத் தளர்த்தினால் தானே விரியும். பைபிள் காலத்து ஆயர்களிடம் இருந்த கருவிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

அந்தக் கருவியால் என்ன செய்யமுடியும் என்பதற்கு உச்ச உதாரணம் ஜாக்கி ஹோ என்ற குவீன்ஸ்லாந்துக்காரர். 1892 ஒக்டோபர் 10ஆம் திகதி, பிளக்கோல் நகருக்கு அருகிலுள்ள அலிஸ் டவுன்ஸ் பண்ணையில், 7 மணி 40 நிமிடங்களில் 321 ஆடுகளின் உரோமத்தை அவர் கைக்கத்தரியால் வெட்டி முடித்தார். கணக்குப் பார்த்தால் ஓர் ஆட்டுக்கு ஒன்றரை நிமிடமும் இல்லை. ஆட்டைப் பிடித்து, இழுத்து, மல்லாத்தி, புரட்டி, விடுவிக்கும் நேரமும் இதற்குள் அடக்கம். இயந்திரம் பிடித்த ஒருவர் அந்த எண்ணிக்கையைத் தாண்டுவதற்கு 1950ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவுஸ்திரேலியத் தொழிலாளர் அணியும் கையில்லாத நீல உள்ளங்கிக்கு இன்றும் 'ஜாக்கி ஹோ' என்ற பெயர் உண்டு.

ஆனால் எல்லோரும் ஜாக்கி ஹோ அல்லர். சாதாரணத் தொழிலாளியின் கத்தரி தோலோடு ஒட்டிச் செல்லாது. ஒரு விரல் உரோமத்தை ஆட்டிலேயே விட்டுச் செல்லும், அல்லது தோலைக் கிழிக்கும். பண்ணை முதலாளிகளின் கண்ணில் ஆட்டில் மிஞ்சிய ஒவ்வோர் இழையும் நட்டம். இயந்திரத்தைத் தேடிய முயற்சிக்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்குத்தான்.

பிரெடெரிக் யோர்க் வுல்ஸ்லி அயர்லாந்தில் 1837இல் பிறந்தவர். இவருடைய அண்ணன் கார்னட் வுல்ஸ்லி பிரித்தானிய சாம்ராச்சியத்துக்காக எகிப்திலும் ஆபிரிக்காவிலும் போர் நடத்திப் பெயர் பெற்ற பீல்ட் மார்ஷல். தம்பியோ இளவயதிலேயே மெல்பேர்ணுக்குக் கப்பலேறி ஆட்டுப் பண்ணைகளில் வேலை பழகினார். உரோமம் கத்தரிக்கும் இயந்திரத்துக்கான முதலாவது ஆக்கவுரிமையை ரொபேர்ட் சவேஜ் என்பவரோடு சேர்ந்து 1877இல் பெற்றார். பேட்டன்ட் என்று நாம் பேச்சில் சொல்வதைத்தான் ஆக்கவுரிமை என்கிறேன். அந்த முதல் இயந்திரம் சரிவர வேலை செய்யவில்லை. வோல்கெட் நகருக்கு அருகே யூரோக்கா என்ற தமது பண்ணையில் பரிசோதனைகளைத் தொடர்ந்தார். 1884இல் இன்னோர் ஆக்கவுரிமை. அதற்கடுத்த ஆண்டில் ஜோன் ஹோவர்ட் என்ற பொறிவினைஞரின் குதிரைமயிர் வெட்டும் கருவிக்கான உரிமையை வாங்கி, அவரையும் வேலைக்கு அமர்த்திக்கொண்ட பிறகே காரியம் கைகூடியது. ஒரு மனிதரின் மூளையில் ஒரே நாளில் உதித்த கண்டுபிடிப்பு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் எதையும் சற்றுத் தோண்டினால், இப்படி ஏழெட்டுப் பேரின் கைகள் அதில் தென்படும்.

மெல்பேர்ணில் ஒரு கம்பளிக் களஞ்சியத்தில் நடந்த காட்சிப் போட்டி சுவையானது. ஒருபுறம் டேவ் பிரவுன் என்ற தேர்ந்த கைக்கத்தரிக்காரர். மறுபுறம் வுல்ஸ்லியின் இயந்திரத்தைப் பிடித்தவர் ஹசன் அலி என்ற பண்ணைத் தொழிலாளி. கைக்கத்தரிக்காரரே முதலில் முடித்தார். கூடியிருந்தோர் கைதட்டினர். பின்னர் ஹசன் அலி, பிரவுன் கத்தரித்து முடித்த ஆடுகளைத் திரும்பவும் பிடித்து அவற்றின்மேல் இயந்திரத்தை ஓட்டினார். வெட்டி முடித்த ஆட்டிலிருந்து இன்னும் கம்பளி விழுந்தது. பந்தயத்தில் தோற்ற இயந்திரம் வியாபாரத்தில் வென்றது அந்தக் கணத்தில்தான். அவுஸ்திரேலியக் கம்பளியின் வரலாற்றில் ஹசன் அலி என்ற பெயர் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது.

1888இல் டார்லிங் நதிக்கரையில் லவுத் என்ற இடத்துக்கு அருகேயுள்ள டன்லொப் பண்ணையில், 40 பேர் வரிசையாக நின்று, 184,000 ஆடுகளை முழுக்க முழுக்க இயந்திரத்தால் கத்தரித்து முடித்தார்கள். உலகில் ஒரு கொட்டகை முழுவதும் இயந்திரமயமானது அதுவே முதல் தடவை. தொழிலாளர்கள் தொடக்கத்தில் அதைத் தொடவே விரும்பவில்லை. இயந்திரம் வந்தால் கூலி குறையும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அது வீண் அச்சமன்று. மூன்று ஆண்டுகளின் பின்னர், 1891இல், குவீன்ஸ்லாந்தின் பார்க்கால்டைன் நகரை மையமாகக் கொண்டு கத்தரிப்போரின் மாபெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்குக் காரணம் இயந்திரமன்று, சங்கத்தில் சேராதவர்களை வேலைக்கு அமர்த்துவது பற்றிய தகராறு. படை இறக்கப்பட்டது, தலைவர்கள் சிறை சென்றார்கள், வேலைநிறுத்தம் தோற்றது. அந்தத் தோல்வி அவுஸ்திரேலியத் தொழிற்கட்சியின் தோற்றத்துக்கு உரமிட்டது என்பர். அது தனிக்கட்டுரைக்குரிய விடயம்.

வுல்ஸ்லியின் இயந்திரத்தைப் பற்றி எழுதும்போது இன்னொருவரைத் தவிர்க்க முடியாது. ஹேர்பேர்ட் ஒஸ்ரின் 1880களில் இளைஞராக மெல்பேர்ணுக்கு வந்த ஆங்கிலேயர். பட்டறைகளில் தொழில் பழகிய இவர் வுல்ஸ்லியின் இயந்திரத்தோடு பழகத் தொடங்கினார். அது ஏன் அடிக்கடி பழுதாகிறது என்பதைக் கண்டறியப் பண்ணைகளுக்கே நேரில் சென்று, கொட்டகையில் நின்று பார்த்தார். பிறகு அதில் பல திருத்தங்களைச் செய்து ஆக்கவுரிமையும் பெற்றார். அந்த உரிமைகளைக் கம்பனிக்குக் கொடுத்து, பதிலுக்குப் பங்குகளைப் பெற்றுக்கொண்டார். 1893இல் இங்கிலாந்து திரும்பி, பேர்மிங்ஹாமில் வுல்ஸ்லி கம்பனியின் தொழிற்சாலையை நடத்தினார். ஆட்டுமயிர்க் கருவிக்கு வேலை பருவகாலத்தில் மட்டுந்தான். மீதி மாதங்களில் தொழிற்சாலை என்ன செய்வது? மோட்டார் கார் செய்து பார்த்தார். 1905இல் தமது பெயரிலேயே தனிக் கம்பனி தொடங்கினார். பின்னாளில் அவர் பிரபுப் பட்டமும் பெற்றார்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்கு 'ஏ போர்ட்டி' கார் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மணவறைக்கும் மருத்துவமனைக்கும் ஒரே கார்தான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாதபோது மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடிய அந்த ஒஸ்ரின் கார்களின் மூதாதை, அவுஸ்திரேலியாவின் செம்மறியாட்டுக் கொட்டகையில் பிறந்தது என்பது பலருக்கும் புதினமாக இருக்கலாம்.

இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது? வாசகர்கள் தையல் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளலாம். சக்கரம் சுழல்கிறது, ஊசியோ மேலும் கீழும் போய்வருகிறது. சுழற்சியை எப்படிப் போய்வரும் அசைவாக மாற்றுவது என்பதே இரண்டுக்கும் பொதுவான கேள்வி. அக்காலக் கொட்டகையின் கூரைக்குக் கீழே நீளமான இரும்புத்தண்டு ஒன்றை நீராவி இயந்திரம் சுழற்றும். அதிலிருந்து ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு குழாய் தொங்கும். குழாய்க்குள் வளைந்து கொடுக்கும் சுழல்தண்டு. அதன் நுனியில் தொழிலாளி கையில் பிடிக்கும் கருவி. கருவியின் முனையில் அசையாத சீப்பு ஒன்று உரோமத்துக்குள் நுழையும். அதன்மேல் மூன்று அல்லது நான்கு முனைகளுடைய வெட்டலகு இடமும் வலமும் விரைந்து ஓடி, சீப்பின் பற்களுக்கிடையே அகப்பட்ட உரோமத்தை வெட்டும். முடிதிருத்தும் கடையில் இருக்கும் மெஷினும் இதே குடும்பந்தான்.

சுழலும் தண்டின் நுனியில், நடுமையம் விலகிய ஒரு முளை இருக்கும். அந்த முளை, கருவியின் உடலுக்குள்ளிருக்கும் கவை ஒன்றின் பின்பக்கத்தை அங்குமிங்கும் தள்ளும். கவை நடுவில் ஓர் அச்சில் தங்கியிருப்பதால், படகின் துடுப்பைப்போல, பின்பக்கம் இடம் போனால் முன்பக்கம் வலம் போகும். முன்பக்கத்தில் வெட்டலகு பொருத்தப்பட்டிருக்கிறது. துடுப்பின் நுனி நேர்கோட்டில் போவதில்லை. அது வில்லாக வளைந்தே போகும். வெட்டலகும் அப்படியே ஒரு வில்லின் பாதையில் சீப்பின் பற்களைக் கடக்கிறது. அலகு சீப்போடு நெருங்கி அழுந்தியிருக்க வேண்டும். நெருக்கம் குறைந்தால் உரோமம் வெட்டுப்படாமல் மடங்கிச் சிக்கும், கூடினால் உராய்ந்து சூடேறும். எட்டு மணிநேரம் குனிந்து நின்று கையில் சூடான, அதிரும் இரும்பைப் பிடித்திருப்பவனுக்கு இந்த நுட்பங்கள் பொறியியல் பாடமல்ல. வயிற்றுப்பாடும் முதுகுவலியுமே அவனுக்கு அவை.

வளைந்த பாதையில் ஓடும் அசைவை நேர்கோட்டு அசைவாக மாற்றமுடியாதா என்ற கேள்வியைத்தான் டேவிட் யுனைபொன் எடுத்துக்கொண்டார்.

அவர் பிறந்தது 1872 செப்ரெம்பர் 28ஆம் திகதி, அலெக்சாந்திரினா ஏரிக்கரையிலுள்ள பொயின்ற் மக்ளே மிஷனில். ஙரிஞ்சேரி மக்கள் அந்த இடத்துக்கு வழங்கிய பெயர் ராவுக்கன். அடிலெய்டிலிருந்து தென்கிழக்கே உள்ள அந்த மிஷனைப் பழங்குடிகள் நண்பர் சங்கம் என்ற அமைப்பு 1859இல் தொடங்கியது. தந்தையார் ஜேம்ஸ் கிறிஸ்தவராகி ஊழியம் செய்தவர். டேவிட் ஒன்பது பிள்ளைகளில் நாலாமவர். ஏழு வயதில் மிஷன் பள்ளிக்குப் போனார். 13 வயதில் அடிலெய்டில் அந்தச் சங்கத்தின் செயலாளர் சி. பி. யங் என்பவரின் வீட்டுக்கு வேலைக்காரப் பையனாக அனுப்பப்பட்டார். அந்த வீட்டில் அவருக்குப் புத்தகங்களும் கிடைத்தன. தத்துவம், விஞ்ஞானம், இசை என்று எல்லாவற்றிலும் ஆர்வம் கொள்ள யங் அவரைத் தூண்டினார். 1890இல் ஊர் திரும்பி, தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தார், சப்பாத்துத் தைக்கும் தொழில் பழகினார். பின்னர் அடிலெய்டில் ஒரு சப்பாத்துக் கடையில் களஞ்சியப் பணியாளராக இருந்தார். திரும்பவும் மிஷன் கடையில் கணக்கெழுதினார். நல்ல மூளையும் ஆழ்ந்த வாசிப்பும் உள்ள ஒரு பழங்குடி இளைஞனுக்கு அன்றைய தென் அவுஸ்திரேலியா திறந்து வைத்திருந்த கதவுகள் இவ்வளவுதான்.

அவர் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டவர்கள் வியந்திருக்கிறார்கள். தெருவில் புழங்கும் ஆங்கிலமன்று, மில்டனையும் பனியனையும் படித்துப் படித்து உருவான பழைய இலக்கிய நடை அது. பண்டிதத் தமிழில் மட்டும் பேசும் பழைய தலைமுறை ஆசிரியர்களை எங்கள் ஊர்களில் கண்டவர்களுக்கு அந்த மனிதரைக் கற்பனை செய்வது கடினமாக இராது.

மிஷனைச் சுற்றியிருந்த பண்ணைகளில் ஙரிஞ்சேரி ஆண்கள் பருவகாலத்தில் உரோமம் கத்தரிக்கப் போவது வழக்கம். ஆகவே அந்தக் கருவி யுனைபொனுக்கு அந்நியமானதன்று. 1909ஆம் ஆண்டில், கைக்கருவியின் இயக்கத்தைத் திருத்தியமைத்து, வளைவு அசைவை நேர்கோட்டு அசைவாக மாற்றும் பொறியமைப்பு ஒன்றுக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். பொறியியற் கல்லூரி வாசலை மிதியாத, பட்டறையில் பயிற்சி பெறாத ஒருவர் வரைந்த வரைபடம் அது.

விண்ணப்பம் என்பது முதற்படி மாத்திரமே. தற்காலிக விவரணத்தைக் கையளித்தவர், குறித்த காலத்துக்குள் முழு விவரணத்தையும் சமர்ப்பித்து, கட்டணமும் செலுத்தினால்தான் உரிமை நிலைபெறும். யுனைபொனிடம் அதற்கான பணம் இருக்கவில்லை. முதல் போடுவதற்கு ஆளும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே விண்ணப்பம் காலாவதியாயிற்று. 1910இல் ஒரு பத்திரிகைச் செய்தி அவரைக் கண்டுபிடிப்பாளர் என்று பெயர் சொல்லி எழுதியது. அதற்கு மேல் அவருக்கு எந்த அங்கீகாரமும் வரவில்லை, ஒரு பென்னியும் வரவில்லை.

இந்த இடத்தில் ஹேர்பேர்ட் ஒஸ்ரினைத் திரும்ப நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரே கைக்கருவி. இருவரும் அதன் குறையைக் கண்டு திருத்தம் யோசித்தவர்கள். இடையில் சுமார் பதினைந்து ஆண்டுகள். ஒருவருடைய திருத்தத்துக்குக் கம்பனிப் பங்குகள் கிடைத்தன, அந்தப் பங்குகளிலிருந்து தொழிற்சாலை, தொழிற்சாலையிலிருந்து பிரபுப் பட்டம். ஒஸ்ரின் திறமையற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. கொட்டகைக்கே போய் நின்று பழுது பார்த்த மனிதர் அவர். ஆனால் கதவைத் தட்டியபோது அவருக்குத் திறந்தார்கள்.

இன்றைக்கு உலகிலுள்ள எல்லா உரோமக் கத்தரிப்பு இயந்திரங்களுக்கும் யுனைபொனின் கண்டுபிடிப்பே அடிப்படை என்று பல நூல்களிலும் இணையப் பக்கங்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இயந்திரம் அவருக்கு இருபது ஆண்டுகள் முன்பே கொட்டகைகளில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று தொழிலாளர்கள் பிடிக்கும் கைக்கருவிகளைக் கழற்றிப் பார்த்தால், கவை இன்னமும் நடு அச்சில் தங்கி, அலகை ஒரு சிறு வில்லின் பாதையில்தான் ஆட்டுகிறது. அந்த மனிதரைக் காலங்கடந்து கௌரவிக்க விரும்புபவர்கள் அவருக்கு இல்லாத பட்டத்தைச் சூட்டத் தேவையில்லை. உள்ளதே போதுமானது: ஆக்கவுரிமை அலுவலகத்துக்குச் சென்று தன் சிந்தனையைச் சட்டப்படி பதிவுசெய்த ஒரு பழங்குடி மனிதர், பணமில்லாத காரணத்தால் அதை இழந்தார். மிகைப்படுத்தி எழுதினால் நாளை யாராவது ஒரு பொறியியலாளர் வந்து மறுப்பார், அந்த மறுப்போடு உண்மையும் சேர்ந்து அடிபட்டுப் போகும். எமது சமூகத்திலும் இத்தகைய 'உலகிலேயே முதல்' கதைகளைச் செய்தி மேசையில் இருந்தபடி நான் நிறையவே வெட்டியிருக்கிறேன்.

1909க்கும் 1944க்கும் இடையில் அவர் மேலும் ஒன்பது கண்டுபிடிப்புகளுக்கு விண்ணப்பித்தார். மையவிலக்கு மோட்டார், பல ஆரைகளுடைய சக்கரம், பொறிமுறை உந்துகருவி என்பன அவற்றுட் சில. அவற்றுக்கும் முதலீடு செய்ய யாரும் முன்வரவில்லை. 1914இல், தம் முன்னோரின் பூமராங் காற்றில் சுழன்று எழும் தத்துவத்தைக் கொண்டே நிலைக்குத்தாக மேலெழும் பறக்கும் இயந்திரம் சாத்தியம் என்று சொன்னார். நடைமுறைக்கு உதவும் ஹெலிகொப்டர் வருவதற்கு இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. அவுஸ்திரேலியாவின் லியனார்டோ என்று அவரை அழைப்பவர்கள் இதையே சுட்டிக்காட்டுவர்.

பழங்குடிகள் நண்பர் சங்கத்துக்காக நன்கொடை சேர்த்தும் புத்தகம் விற்றும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார். தேவாலயங்களில் பிரசங்கம் செய்தார், பள்ளிகளில் விரிவுரை ஆற்றினார். மேடையில் கைதட்டியவர்களின் ஊரிலேயே, அவருடைய நிறத்தைப் பார்த்து விடுதிகளில் அறை மறுக்கப்பட்டது பலமுறை நடந்தது. தென் அவுஸ்திரேலியாவில் பழங்குடியினருக்குச் சட்டப்படி வாக்குரிமை இருந்தது. 1896 தேர்தலில் பொயின்ற் மக்ளேயிலேயே வாக்குச்சாவடி அமைந்தது, பெண்களும் வாக்களித்தனர். ஆறு ஆண்டுகளில் புதிய கூட்டாட்சியின் 1902ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் நாடெங்கும் பழங்குடியினர் பலரையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. இருந்த உரிமை பறிபோவதைக் கண்ணால் கண்ட தலைமுறை அவருடையது. 1913இல் அரச ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார். மிஷன் நிருவாகத்தை அரசு ஏற்கவேண்டும் என்று வாதாடினார்.

அதேவேளை, எல்லாப் போராட்டங்களிலும் அவர் முன்வரிசையில் நின்றார் என்று சொல்லமுடியாது. 1938 ஜனவரி 26ஆம் திகதி, வெள்ளையர் குடியேற்றத்தின் 150ஆவது ஆண்டு விழாவைப் பழங்குடி அமைப்புகள் துக்கதினமாக அனுட்டிக்க அறைகூவியபோது, யுனைபொன் அதை எதிர்த்தார். படிப்பாலும் ஒழுக்கத்தாலும் நன்மதிப்பைப் பெற்றுத்தான் உரிமையை வெல்லலாம் என்பது அவருடைய நம்பிக்கை. அன்றைய இளைஞர்கள் அதை ஏற்கவில்லை. இன்று திரும்பிப் பார்க்கையில் அந்த இளைஞர்களின் பக்கமே நியாயம் இருந்ததாக எனக்குப் படுகிறது.

கருவி போனதுபோலவே புத்தகமும் போயிற்று. 1920களில் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் வேண்டுகோளுக்கிணங்க, தமது மக்களிடையேயும் பிற குழுக்களிடையேயும் வழங்கிய பழங்கதைகளைத் தேடித் தொகுத்து ஆங்கிலத்தில் எழுதினார். அந்தக் கையெழுத்துப் படியின் உரிமை வில்லியம் ராம்சே ஸ்மித் என்ற மருத்துவரின் கைக்குப் போனது. 1930இல் லண்டனில் அது நூலாக வெளிவந்தபோது, அட்டையில் இருந்தது ராம்சே ஸ்மித்தின் பெயர். உள்ளே யுனைபொனின் பெயரே இல்லை. அவருடைய பெயரில் வெளியானவை அதற்கு முந்திய சில சிறு வெளியீடுகள்தாம். நூலாக அச்சேறிய முதலாவது பழங்குடி எழுத்தாளர் என்ற இடத்தை அவருக்குத் தந்தவை அவையே.

ஆரம்ப காலத்தில், ஒரு பத்திரிகையில், இரவு பகலாகத் தேடி எழுதிய ஒரு கட்டுரை மறுநாள் வேறொருவரின் பெயரில் வெளியாகியிருப்பதைக் கண்டவன் நான். அந்த ஆசிரியபீடத்தின் பெயரை இங்கு சொல்லப் போவதில்லை. ஒருநாள் கட்டுரைக்கே அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஒரு மக்களின் கதைகள் முழுவதையும் இழந்தவர் எப்படித் தாங்கினாரோ! ஸ்டீபன் மூக்கே, அடம் ஷூமேக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் கையெழுத்துப் படிகளைத் தேடிப்பிடித்து, 2001இல் அந்த நூலை யுனைபொனின் பெயரிலேயே மீளப் பதிப்பித்தனர். இடையில் 71 ஆண்டுகள்.

கருவியின் கதை அவரோடு நின்றுவிடவில்லை. நீராவிக்குப் பதில் எண்ணெய் இயந்திரம் வந்தது, பிறகு மின்மோட்டார் வந்தது. சண்டை மூண்டது சீப்பின் அகலத்தைப் பற்றி. அவுஸ்திரேலியத் தொழில் ஒப்பந்தம் சீப்பின் அகலத்தை 64 மில்லிமீற்றருக்கு மட்டுப்படுத்தியிருந்தது. நியூசிலாந்திலிருந்து வந்தவர்களோ 86 மில்லிமீற்றர் சீப்பைப் பிடித்தார்கள். ஒரு வீச்சில் கூடுதல் உரோமம், ஒரு நாளில் கூடுதல் ஆடு. அகன்ற சீப்பு அனுமதிக்கப்பட்டபோது, 1983இல் நாடளாவிய வேலைநிறுத்தம் நடந்தது. கொட்டகைகளில் அடிதடியும் தீவைப்பும் நிகழ்ந்தன. இருபத்திரண்டு மில்லிமீற்றருக்காகவா இவ்வளவு என்று நகரத்தவர் சிரித்தார்கள். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவனுக்கு அது சிரிப்புக்குரியதன்று. கடைசியில் சீப்பு வென்றது. மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ட்ரெவெல்யன் குழுவினர் 1979 முதல் ரோபோவைக் கொண்டு உயிருள்ள ஆட்டைக் கத்தரித்துக் காட்டினார்கள். தோலைக் கிழிக்காமலும் வெட்டியது. ஆனால் மனிதனின் வேகத்துக்கும் செலவுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் 1990களில் அந்த முயற்சி ஓய்ந்தது. ஊசிமருந்து ஏற்றி உரோமத்தைத் தானாகவே உதிரவைக்கும் முறையும் 1998இல் விற்பனைக்கு வந்தது. அதுவும் கைக்கருவியைக் கொட்டகையிலிருந்து வெளியேற்றவில்லை. ஆடு நெளியும், தோல் மடியும், ஒவ்வோர் ஆடும் ஒவ்வொரு விதம். அதை உணர்ந்து வளைந்துகொடுக்கும் மனிதக் கை இன்றும் தேவைப்படுகிறது.

யுனைபொன் முதுமையில் ராவுக்கனுக்கே திரும்பினார். எரிபொருள் இன்றி என்றென்றும் ஓடும் இயந்திரத்தின் இரகசியத்தைத் தாம் நெருங்கிவிட்டதாக நம்பி, கடைசிவரை அதிலேயே மூழ்கியிருந்தார். பௌதிக விதிகள் அதை அனுமதிப்பதில்லை. நியூட்டனை வாசித்த அவர் அதை அறியாதவராக இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். 1967 பெப்ரவரி 7ஆம் திகதி, 94 வயதில், டெய்லெம் பெண்ட் மருத்துவமனையில் காலமானார். மிஷன் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு மே 27ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில், நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பழங்குடியினரைச் சேர்க்கக்கூடாது என்றிருந்த அரசியலமைப்பின் பிரிவை நீக்குவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சம்மதம் தெரிவித்தனர்.